முற்றவெளி: கோட்டை பூங்காவாகிறபோது

1

எங்கள் ஊர்ப்பெயர் தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு ஒரு ராஜாவின் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டுதான் நினைவுக்கு வரும்: தெள்ளாறெறிந்த நந்திவர்மன். 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை இங்கே முறியடித்தான். கல்வெட்டு அதைப் பதிவுசெய்தது, நந்திக் கலம்பகம் பாடியது. எறிந்தவன் பெயர் ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் பரீட்சைத் தாளில் இருக்கிறது. எறிபட்டவர்கள் யார், அவர்களுடைய வயல் என்னவாயிற்று என்ற கேள்வி எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.

தெள்ளாரில் கோட்டை கிடையாது. சுற்றுப்புறத்தில் அதற்குப் பஞ்சமும் கிடையாது. வடக்கே வந்தவாசி, தெற்கே செஞ்சி, மேற்கே ஆரணி. சின்ன வயதில் எங்களுக்குக் கோட்டை என்றால் அகழியில் ஆகாயத்தாமரை, சுவரில் ஆலங்கன்று, உள்ளே ஏதாவது ஒரு அரசு அலுவலகம். வரலாறு என்பது மனு கொடுக்கப் போகிற இடம், அவ்வளவுதான்.

கடலோரக் கோட்டை ஒன்றை நான் முதலில் பார்த்தது ஆலம்பரையில். தெள்ளாரிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து மரக்காணம், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கடப்பாக்கம். அங்கே இறங்கிக் கடலைப் பார்த்து நடக்க வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டிய மதில், பாதி சரிந்த கொத்தளங்கள், ஒரு பக்கம் கழிமுகம், எதிரே வங்காள விரிகுடா. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் பெயர்த்துப்போட்டது. சினிமாக்காரர்கள் வந்து பாட்டெடுத்துப் போகிறார்கள். இதைச் சீர்படுத்திப் பூங்காவாக்க வேண்டும், புல்தரை, நடைபாதை, விளக்கு எல்லாம் போட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது.

ஒருமுறை நண்பர்கள் சிலர் அப்படியொரு மனு தயாரித்தபோது நானும் கையெழுத்துப் போட்டேன். அதில் 'ஆக்கிரமிப்புகளை அகற்றி' என்று ஒரு வரி இருந்தது. படித்தேன், உறுத்தவில்லை. மனுக்களில் வழக்கமாக வரும் வரிதானே. அடுத்த தடவை போனபோது மதில் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பூங்கா விஷயத்தைச் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் நிமிராமலே கேட்டார்: "எங்கள எங்க போவச் சொல்வாங்க?" பூங்கா என்றதும் அவருக்கு முதலில் தோன்றியது மரமோ நிழலோ இல்லை, வெளியேற்றம். அவர் எங்கள் மனுவைப் பார்த்ததே கிடையாது. ஆனால் நான் படித்தும் தவறவிட்ட வரியை அவர் படிக்காமலே வாசித்துவிட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கையெழுத்துக்கு நான் எழுதும் பின்குறிப்பு.

2

கோட்டையைப் பூங்காவாக்குவது என்றால் போர்க்கருவியைச் சமாதானக் கருவியாக மாற்றுவது என்று சாதாரணமாக நினைத்துக்கொள்கிறோம். பீரங்கி நின்ற இடத்தில் ஊஞ்சல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் வேறொன்று தட்டுப்படுகிறது. பரந்த புல்வெளியைக் கோட்டைக்குப் பின்னால் வந்த யாரோ கொண்டுவந்து சேர்க்கவில்லை. கோட்டை தனக்குத் தேவையென்று முதலிலேயே உண்டாக்கிக்கொண்ட ஒன்று அது. பீரங்கி சுடுவதற்கு எதிரே வெட்டவெளி வேண்டும். எதிரி ஒளிந்துகொள்ள வீடு, மரம், தோப்பு எதுவும் இருக்கக்கூடாது. ஆகவே கோட்டையின் முதல் வேலை சுவர் எழுப்புவது. இரண்டாவது வேலை சுவருக்கு வெளியே இருப்பவர்களைக் காலிசெய்வது.

சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி ஒரு ஊர் இருந்தது. வெள்ளையர் அதைக் கறுப்பர் பட்டணம் என்றார்கள். வணிகர்கள், நெசவாளர்கள், துணிக்கு வண்ணமெழுதுகிறவர்கள் குடியிருந்த ஊர். 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தபோது அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் கோட்டை ஆங்கிலேயருக்குத் திரும்பிவந்தது. மிச்சத்தை அவர்கள் இடித்தார்கள். சண்டையில் எதிரெதிராக நின்ற இருவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இனி இதற்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனைப் பக்கம் இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற யாரும் அதைப் பார்ப்பதில்லை. அந்த வெட்டவெளியின் மேல்தான் 1892இல் உயர்நீதிமன்றம் எழுந்தது. எஸ்பிளனேடு என்று நாம் வாய்கொள்ளாமல் சொல்லிப் பழகிய பெயருக்குள் ஒரு முழு ஊர் புதைந்திருக்கிறது.

கல்கத்தாவில் 1757க்குப் பிறகு புதிய வில்லியம் கோட்டை கட்டியபோதும் இதே கதை. கோவிந்தபூர் என்ற கிராமத்தைக் காலிசெய்தார்கள். அதை நிறுவியவர்கள் துணி வணிகம் செய்த சேட், பசாக் குடும்பத்தார். ஊரும் காடும் போய் மைதானம் வந்தது. இன்று அந்த நகரத்துக்கு நுரையீரல் என்று பேர். கொழும்பின் காலிமுகத்திடலும் டச்சுக்காரர்கள் பீரங்கிக்காக வைத்திருந்த வெளிதான். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்டு அதை மக்கள் உலாவும் திடலாக்கினார். 2022இல் அதே திடலில் கூடாரம் போட்டு உட்கார்ந்த மக்கள் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓடவைத்தார்கள். சுடுவதற்காக வெறுமையாக்கிய இடம் கூடுவதற்கான இடமாக மாறிய அபூர்வத் தருணம் அது.

யாழ்ப்பாணத்தில் இந்த வெளிக்குத் தமிழிலேயே பெயர் இருக்கிறது: முற்றவெளி. எவ்வளவு வீட்டுத்தனமான சொல்! கோட்டையை வீடாகவும் அதன் எதிரே பீரங்கி பார்த்திருந்த தரையை முற்றமாகவும் மொழி மாற்றிக்கொண்டது. போர்த்துக்கீசர் தொடங்கி, 1658இல் டச்சுக்காரர் பிடித்து, ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய கோட்டை அது. 1974 ஜனவரி 10 மாலை, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சிக்காக வீரசிங்கம் மண்டபத்தின் முன்னும் முற்றவெளியிலும் கூடியிருந்த மக்கள்மீது போலீஸ் பாய்ந்தது. மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போயின. 1990இல் அதே கோட்டை முற்றுகைக்குள் இருந்தது. போர் முடிந்தபின் டச்சு அரசின் உதவியோடு மதில்களைப் புதுப்பித்தார்கள். இப்போது மாலைநேரத்தில் குடும்பங்கள் மதில்மேல் நடந்து கடற்காற்று வாங்குகின்றன. வேண்டாமென்று யார் சொல்வது? அந்த மக்களுக்கு அந்தக் காற்று எவ்வளவோ கடன்பட்டிருக்கிறது. ஆனால் முற்றவெளியின் ஓரத்தில் 1974ஐ நினைவூட்டும் தூண்கள் நிற்கின்றன. தூண்கள் இல்லாமல் காற்று மட்டும் இருந்தால் அது வேறு இடம்.

வெளி என்பது காலியாகக் கிடக்கும் பாத்திரம் அன்று, சமூக உறவுகளால் உற்பத்தி செய்யப்படுவது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆன்ரி லெஃபெவர் 1974இல் எழுதினார். அவர் எழுதாவிட்டாலும் வலை பிரிக்கிற பெரியவருக்கு அது தெரியும். புல்வெளியின் பச்சைக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. அந்த வம்சத்தில் பீரங்கி பாட்டன்.

3

தமிழ்க் கடற்கரையில் கோட்டையொன்று முழுசாகவே பூங்காவாகிவிட்ட இடம் புதுச்சேரி. பாரதி பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறிக்கிற எத்தனை பேருக்குத் தாம் லூயி கோட்டை இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும்? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் கட்டிய ஐங்கோணக் கோட்டை. துய்ப்ளேக்சின் அதிகாரம் இங்கிருந்துதான் கர்நாடகம் முழுக்கக் கைநீட்டியது.

அதன் முடிவு எங்கள் ஊர்ப்பக்கம் தொடங்கியது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட்டின் படை லாலியின் படையை முறியடித்தது. பாடப்புத்தகம் 'இந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கம் முடிவுக்கு வந்தது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளும். அந்த வாக்கியத்துக்குள் ஒரு வருஷம் இருக்கிறது. கூட் ஒவ்வொரு கோட்டையாகப் பறித்துக்கொண்டு கடலை நோக்கிப் போனார். ஆலம்பரை அந்த 1760இலேயே விழுந்து சிதைக்கப்பட்டது. காரைக்காலும் விழுந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. லூயி கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். ஆலம்பரையின் இடிந்த மதிலும் பாரதி பூங்காவின் நிழலும் ஒரே படையெடுப்பின் இரண்டு விளைவுகள். ஒன்று இடிபாடாக நின்றுவிட்டது, மற்றது தோட்டமாகிவிட்டது. இடிபாடு கேள்வி கேட்கிறது: 'என்னை யார் இடித்தது?' தோட்டம் கேட்பதில்லை.

ஆனால் பாரதி பூங்காவின் நடுவில் ஒரு வினோதம் இருக்கிறது. பூங்காவின் மையத்தில் தளபதிக்குச் சிலை இல்லை; ஒரு தாசியின் பெயரில் மண்டபம் நிற்கிறது. ஆயி மண்டபம். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தப் பக்கம் வந்த கிருஷ்ணதேவராயர் விளக்கொளியில் ஒரு மாளிகையைக் கோயிலென்று நினைத்துக் கும்பிட்டார். அது தாசி வீடென்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். ஆயி தானே இடித்துக்கொண்டு அங்கே குளம் வெட்டினாள். முத்தரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவள் நினைவாக மண்டபம் எழுந்தது. கதை நடந்ததா இல்லையா என்பது இங்கே விஷயமில்லை. அதன் தர்க்கத்தைப் பாருங்கள். அதிகாரம் ஒரு வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறது. வெறுமையாகிற அந்த இடத்தை அதிகாரத்திடமே விட்டுவிடாமல் அவள் ஊருக்குத் தண்ணீராக்கிவிடுகிறாள். இடித்த இடத்தைப் பொதுவாக்குவதற்குத் தமிழ் வாய்மொழி வைத்திருக்கிற உதாரணம் ஆயிகுளம். புல்தரை அல்ல, குளம். பார்க்கிற இடம் அல்ல, மொண்டுகொள்கிற இடம்.

வேலூர்க் கோட்டையை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். அகழியோரப் பூங்காவில் நிழல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருக்கிறது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் அந்தக் கோட்டையைக் கைப்பற்றி, நடுப்பகலுக்குள் இழந்து, நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். வெள்ளையருக்குக் கல்லறைகள் உண்டு. சிப்பாய்களுக்கு நினைவுத் தூண் 1998இல்தான் வந்தது, அதுவும் கோட்டைக்கு வெளியே. 192 வருஷம் கழித்துக் கிடைத்த அந்த இடம்கூட மதிலுக்கு அந்தப் பக்கம்தான்.

4

ஆலம்பரைக்குத் திரும்புவோம். இது எதைக் காத்த கோட்டை? கடலோரக் கோட்டை கரையைக் காக்கிறது என்பது பாதி உண்மை. அது கிடங்கைக் காத்தது. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் காலத்தோடு, 1730களோடு, சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கோட்டையில் நாணயச்சாலை இருந்தது. ஆலம்பரை வராகனும் ரூபாயும் இந்தக் கரை முழுக்கச் செல்லுபடியாயின. புதுச்சேரிக்காரர்கள் 1736இல் தாங்களே ரூபாய் அடித்துக்கொள்ள நவாபிடம் உரிமை வாங்கினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே வருஷம். 1750இல் ஆலம்பரையே துய்ப்ளேக்சுக்கு வெகுமதியாகக் கைமாறியது. செய்த உதவிக்கு ஒரு துறைமுகத்தைத் தூக்கிக் கொடுக்கலாம் என்றால், அதில் வசித்தவர்கள் கணக்கில் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்?

நாணயம் எங்கே போயிற்று என்று தேடினால் கதை மறுபடி எங்கள் உள்நாட்டுக்கே வந்து சேரும். சோழமண்டலக் கரையில் ஐரோப்பியக் கம்பெனிகள் முதன்மையாக வாங்கியது துணி. துணி கடலோரத்தில் முளைக்கவில்லை. உள்ளூர்த் தறிகளில் நெய்து வந்தது. கம்பெனி வணிகனுக்கு முன்பணம் தரும், வணிகன் தரகனுக்கு, தரகன் நெசவாளிக்கு. நெசவாளி நூல் வாங்கி, குடும்பத்தோடு உட்கார்ந்து நெய்து, அளவும் நயமும் சரியில்லை என்று விலை குறைப்பார்களோ என்ற பயத்தோடு கொடுப்பான். யாழ்ப்பாணத்திலிருந்து போன வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் இந்த வலையை 1986இல் வெளிவந்த தம் நூலில் விரித்துக் காட்டினார். நெசவாளர்களைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள ஆங்கிலேயர் 1734இல் குடியேற்றிய ஊர்தான் சிந்தாதிரிப்பேட்டை. மக்கள் வாய்க்கு அது சின்னத் தறிப் பேட்டை. கோட்டைக்கு எதிரே குடியிருந்தால் இடிப்பார்கள், கூவத்துக்கு அந்தப் பக்கம் தறி வேண்டுமென்றால் பேட்டை கட்டித் தருவார்கள். வெளியேற்றமும் குடியேற்றமும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பத்திகள்.

ஆரணிப் பக்கத்துத் தறிவீடுகளில் முன்பணம் என்ற சொல் இன்னும் சாகவில்லை. பட்டு நெய்கிற கை கடனில் இருக்கிறது, அந்தக் கடனை அடைக்காமல் தறி மாற முடியாது. 1751இல் கிளைவும் 1782இல் ஹைதர் அலியும் சண்டை போட்ட ஊர் என்று ஆரணிக்கு வரலாறு உண்டு. முன்பணத்தின் வரலாற்றுக்கு அங்கே ஒரு பலகைகூடக் கிடையாது. கோட்டையைப் பற்றிய நம் சொல்லாடலில் மூன்றே பாத்திரங்கள்தான் வருகின்றன: கட்டிய ராஜா, பிடித்த தளபதி, பாதுகாக்கும் துறை. செங்கல் சுட்டவனும், சுண்ணாம்பு அரைத்தவளும், கிடங்கை நிரப்பிய தறிக்காரரும், கப்பலுக்கு மூட்டையைப் படகில் ஏற்றி அலை கடத்திய கடற்காரரும் பிரதிக்கு வெளியே நிற்கிறார்கள். அந்தக் கரைகளில் கப்பல் வந்து அணையக் கூடிய துறை அபூர்வம். தொலைவில் நிற்கும் கப்பலுக்கும் மணலுக்கும் நடுவே இருந்தவர்கள் மீனவர்கள். அவர்கள் இல்லாமல் ஒரு மூட்டையும் கடல் தாண்டியிருக்காது.

இப்போது 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை மறுபடி வாசியுங்கள். நவாப் வருவதற்கு முன்னும், பிரெஞ்சுக்காரர் வந்து, ஆங்கிலேயர் இடித்துவிட்டுப் போனதற்குப் பின்னும் அந்தக் கரையில் இருப்பவர்கள் எதை ஆக்கிரமித்தார்கள்?

5

நான் பூங்காவுக்கு எதிரி இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இடிபாட்டின் சோகத்தை ரசிக்கிற மேட்டிமைத்தனம் என்று ஆகிவிடும். சும்மா விட்டால் ஆலம்பரை மதில் இன்னும் சில புயலில் கரைந்துவிடும். உப்புக்காற்று காரையைத் தின்கிறது, செடி வேர்விட்டுச் செங்கல்லைப் பிளக்கிறது. நம்மூர்களில் பெண்கள் காசு கொடுக்காமல் மாலையில் அரைமணி நேரம் உட்காரத் தகுந்த இடம் எத்தனை இருக்கிறது? பொது இடம் வேண்டும் என்பது நியாயமான பசி. கேள்வி, அந்தப் பொதுவுக்குள் யார் என்பதுதான்.

மூன்று விஷயம் சொல்லத் தோன்றுகிறது. முதலாவது, மதிலைச் சாயாமல் நிறுத்துங்கள், புதிதாகக் கட்டாதீர்கள். சிமெண்டு பூசிய மதில் 1760ஐ மறைத்துவிடும். உடைந்தது உடைந்ததாகத் தெரிவதுதான் அங்கே இருக்கிற ஒரே நேர்மையான வரலாற்று வாக்கியம். செய்கிற ரிப்பேரும் சுண்ணாம்பிலேயே இருக்கட்டும்; பழைய சுவர் மூச்சுவிட வேண்டும். இரண்டாவது, வேலியும் கட்டணச் சீட்டும் வந்தால் கடலுக்குப் போகும் பாதையும் வலை காயவைக்கும் தரையும் வேலிக்கு உள்ளே போய்விடும். தொல்லியல் சின்னங்களுக்கு 1966இல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. கடற்கரையை ஒழுங்குபடுத்த 1991இல் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. 2011, 2019 ஆண்டுகளில் மாற்றியும் எழுதியது. ஒரு காகிதம் கல்லைப் பார்க்கிறது, மற்றது கரையைப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அதில் ஆள் தெரிவார். வாசிக்கிற மேசையில் அந்தக் குப்பங்களின் ஆட்களும் உட்கார வேண்டும், தீர்மானித்துவிட்டு அறிவிக்கக் கூடாது. மூன்றாவது, பலகை. 'கட்டியவர், பிடித்தவர்' என்பதோடு நிறுத்தாமல் முன்பணம், தறி, படகு, உப்பு என்று எழுதினால் ஆரணியிலிருந்து வருகிற பள்ளிக்கூடப் பிள்ளை தன் வீட்டுக் கதையை அங்கே வாசிக்கும்.

கடைசியாக, இந்தக் கடப்பாக்கம் இருக்கிற பேரூராட்சியின் பெயர் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் அந்த நாட்டுக்காரர். அந்தப் பாட்டில் பசித்த பாணன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகிறான். சேர வேண்டியது கிடங்கில், அதாவது இன்றைய திண்டிவனம். வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம். அதை மரக்காணத்தை ஒட்டிய கரையாகவே பலரும் கொள்கிறார்கள். எயில் என்றால் மதில். மதில் சூழ்ந்த கடற்கரை ஊர். அங்கே பாணனை வரவேற்பவன் காவலன் அல்ல. உறங்கும் ஒட்டகம் போல அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசமரங்களை விறகாக்கி, நுளைமகள் காய்ச்சிய தேறலைப் பரதவர் வார்த்துக் கொடுக்கிறார்கள், சுட்ட குழல்மீனோடு. வழிப்போக்கன் விருந்தாளி. கடற்கரைக்காரர் விருந்து வைக்கிறவர்.

நான் பஸ்ஸில் திண்டிவனத்திலிருந்து கடலுக்குப் போனது அந்த ஆற்றுப்படையைத் தலைகீழாக நடந்த மாதிரி. எம்.ஏ. வகுப்பில் அந்தப் பகுதியை மனப்பாடமாக ஒப்பித்தவன்தான் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விருந்து வைத்தவர்களை வெளியே போகச் சொல்லும் விருந்தாளியாக.

அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தபோது மனுவில் அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியாது. தள்ளிக் கிடந்த வலையைக் கொஞ்சம் இழுத்து, மதிலோரம் நிழலில் எனக்கு உட்கார இடம் விட்டார்.